குந்தா மின்சாரமும் கோதுமைக் கப்பலும்: வெளிநாட்டு உதவி என்றால் என்ன?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற மாதம் பிளஸ் டூ படிக்கும் மாணவி ஒருத்தி தன் அம்மாயியின் கைப்பேசியைக் கொண்டுவந்து ஒரு படத்தைக் காட்டினாள். இலங்கையில், ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவர்களுடைய உறவினர் குடியேறியிருக்கும் புது வீடு. வாசலில் சாமந்தித் தொட்டி, பின்னால் இங்கிருப்பதைப் போலவே தேயிலைச் சரிவு.

"சார், இந்த வீட்டை இந்திய அரசு கட்டிக்கொடுத்ததாம். ஆனால் இந்தியா உலக வங்கியில் கடன் வாங்குகிறது என்று படித்தோமே. கடன் வாங்குகிற நாடு இன்னொரு நாட்டில் எப்படி வீடு கட்டிக்கொடுக்கும்?"

நல்ல கேள்வி. அன்றைக்குக் கணக்குப் பாடத்தை மூடிவைத்துவிட்டு இதைத்தான் பேசினோம். அப்போது சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் எதை உதவி என்கிறோம் என்று பார்ப்போம். ஒரு நாட்டின் அரசோ, பல நாடுகள் சேர்ந்து நடத்தும் உலக வங்கி போன்ற அமைப்போ, வருமானம் குறைந்த நாட்டின் வளர்ச்சிக்காகவும் மக்கள் நலனுக்காகவும் இலவசமாகவோ சந்தையில் கிடைப்பதைவிட எளிய நிபந்தனையிலோ கொடுப்பது உதவி. துப்பாக்கியும் போர் விமானமும் கொடுத்தால் அது இந்தக் கணக்கில் வராது. வெளிநாட்டு நிறுவனம் இங்கே தொழிற்சாலை கட்டினால் அது முதலீடு. வளைகுடாவுக்குப் போன கூடலூர்ப் பையன் வீட்டுக்கு அனுப்பும் பணமும் உதவி ஆகாது, அது அவனுடைய உழைப்பு. அப்படி வெளிநாடுவாழ் இந்தியர்கள் அனுப்பும் பணம் 2022 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. வெளிநாட்டு அரசுகள் இந்தியாவுக்குக் கொடுக்கும் உதவி அதன் பக்கத்தில்கூட வராது.

உதவி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று கொடை. திருப்பித் தர வேண்டியதில்லை. மற்றது சலுகைக் கடன். வீட்டில் கல்யாணம் என்றால் சிலர் சீராகக் கொடுப்பார்கள், சிலர் கைமாற்றாகக் கொடுப்பார்கள். இரண்டையும் "மாமா உதவி செய்தார்" என்றுதான் சொல்வோம். நாடுகளுக்கிடையிலும் அப்படித்தான். இந்தியாவுக்கு நெடுங்காலமாக அதிகம் கொடுத்துவரும் நாடு ஜப்பான். அதில் பெரும்பகுதி கடன். சென்னை மெட்ரோ ஜப்பானின் ஜைகா நிறுவனக் கடனில் ஓடத் தொடங்கியது. தவணை பல பத்தாண்டுகளுக்கு நீளும், வட்டி மிகக் குறைவு, அவ்வளவுதான். ஒரு லட்சம் ரூபாய்க்கு 9 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 9,000 ரூபாய். அதே கடன் 1 சதவீதத்தில் கிடைத்தால் 1,000 ரூபாய். இடையில் இருக்கும் அந்த 8,000 ரூபாய்தான் உண்மையான உதவி.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. கடன் டாலரிலோ யென்னிலோ எழுதப்பட்டிருந்தால், ரூபாயின் மதிப்பு சரியும்போது நாம் தர வேண்டிய தொகை தானாக ஏறும். 1990ல் ஒரு டாலர் 18 ரூபாய்க்குள் கிடைத்தது. இன்றைக்கு 80 ரூபாயைத் தாண்டிவிட்டது. குறைந்த வட்டி என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே அசல் வளர்ந்துவிடுகிறது. இதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கடன் மலிவா என்பது தெரியும்.

அப்படியானால் அந்தக் காலத்தில் ஏன் வாங்கினோம்? இதற்கு விடை நம் மலையிலேயே இருக்கிறது. மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? யானைகள் குறுக்கே வரும் சாலை அது. கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போது மலைச்சரிவில் தடித்த இரும்புக் குழாய்கள் செங்குத்தாக இறங்குவதைப் பார்க்கலாம். மேலே அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி அணைகளில் தேங்கும் நீர் அந்தக் குழாய்களின் வழியே பாய்ந்து, அடியில் இருக்கும் சுழலிகளைச் சுற்றுகிறது. இதுதான் குந்தா நீர்மின் திட்டம். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், கனடாவின் உதவியோடு கட்டப்பட்டது.

1950ல் காமன்வெல்த் நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் கொழும்பில் கூடிப் பேசியதிலிருந்து பிறந்த ஏற்பாட்டுக்குக் கொழும்புத் திட்டம் என்று பெயர். கனடாவின் உதவி அதன் கீழ்தான் வந்தது. கனடா எதைக் கொடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மலையைக் குடைந்த கூலியும் சிமென்ட்டும் ரூபாயில் வாங்கக்கூடியவை. அவற்றுக்கு நம்மிடம் பணமும் ஆட்களும் இருந்தார்கள். மின்னாக்கி எந்திரம் ரூபாய்க்குக் கிடைக்காது. டாலர் வேண்டும். அன்றைய இந்தியாவில் டாலர் பஞ்சம். 1957, 1958 ஆண்டுகளில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்துபோய், உலக வங்கி பணக்கார நாடுகளைக் கூட்டி இந்தியாவுக்கு உதவ ஒரு குழுவையே அமைக்க வேண்டியிருந்தது. ஆகவே கனடாவின் எந்திரங்களும் பொறியியல் உதவியும் அடைத்துக்கொண்டிருந்த அந்த ஒரு வாசலைத் திறந்துவிட்டன. உள்ளே நடந்து போனது நாம்தான்.

கனடா எந்திரமாகக் கொடுத்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உதவிப் பணத்தில் கொடுக்கிற நாட்டின் பொருளையே வாங்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். இதனால் கொடுக்கும் நாட்டின் ஆலைகளுக்கும் வேலை கிடைக்கும். இதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. ஆனால் பணமாக வந்திருந்தால் மலிவான இடத்தில் வாங்கியிருக்கலாமே என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழ வேண்டியதுதான்.

அதே காலத்தில் வந்த கோதுமையின் கதை வேறு. எங்கள் ஊர் வயதானவர்கள் ரேஷனில் கிடைத்த அமெரிக்கக் கோதுமையை இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள். அமெரிக்கா 1954ல் ஒரு சட்டம் இயற்றியது. பி.எல். 480 என்று அதைச் சொல்வார்கள். தங்களிடம் மிஞ்சிய தானியத்தை டாலர் கேட்காமல் உள்நாட்டுப் பணத்துக்கே விற்க அது வழிசெய்தது. 1956ல் இந்தியா ஒப்பந்தம் போட்டது. 1965, 1966 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து மழை பொய்த்தபோது கப்பல் வந்தால்தான் ரேஷன் கடையில் தானியம் என்ற நிலை. பட்டினிச் சாவிலிருந்து அந்தக் கோதுமை பலரைக் காப்பாற்றியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அதன் விலையையும் மறக்க முடியாது. வியட்நாம் போரை இந்தியா விமர்சித்தது அமெரிக்க அதிபர் ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை. இந்தியா தன் வேளாண்மைக் கொள்கையையும் மாற்ற வேண்டும் என்று அவர் விரும்பினார். மொத்தமாக ஒப்புதல் தராமல், மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கப்பல்களை விடுவித்தார். 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு ஒரே நாளில் குறைக்கப்பட்டு டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாய் ஆனதற்கும் உதவி தருபவர்களின் அழுத்தம் ஒரு காரணம். இன்னொரு பக்கம், மலிவுக் கோதுமை குவிந்தால் இங்குள்ள விவசாயிக்கு விலை கிடைக்காது, அவர் விளைவிப்பதைக் குறைத்துக்கொள்வார் என்று பொருளாதார அறிஞர்கள் அப்போதே எச்சரித்தார்கள்.

கப்பலுக்காகக் காத்திருக்கும் அந்தப் பிடியிலிருந்து நம்மை விடுவித்ததிலும் வெளிநாட்டு உதவிக்குப் பங்கிருக்கிறது. அந்தக் கதை குன்னூரை ஒட்டித் தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907ல் திறக்கப்பட்டது. வெறிநாய்க்கடிக்கு மருந்து தேடி ஆட்கள் தொலைதூரம் அலைந்த காலம் அது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் வைஸ்ராய் கர்சனிடம் ஒரு நன்கொடை கொடுத்திருந்தார். அதில் ஒரு பகுதி குன்னூருக்கு வந்தது. பெரும்பகுதி பீகாரில் பூசா என்ற ஊரில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமைக்கப் போனது. 1934 நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்த நிலையம் டெல்லிக்கு மாறியது. 1960களில் மெக்சிகோவின் குட்டைரகக் கோதுமையை இந்திய மண்ணுக்குப் பழக்கியதும் அந்த நிலையம்தான். எம்.எஸ். சுவாமிநாதன் அங்கே இருந்தார். அமெரிக்க வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் விதையும் அனுபவமும் கொண்டுவந்தார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சராக இருந்து, எதிர்ப்புகளைத் தாண்டி 1966ல் 18,000 டன் விதையை இறக்குமதி செய்ய வைத்தார்.

சமைத்துச் சாப்பிட வந்த கோதுமையும் விதைக்க வந்த கோதுமையும் வெளிநாட்டிலிருந்துதான் வந்தன. முதலாவது அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வைத்தது. இரண்டாவதை வாங்கி வளர்க்க இங்கே ஆராய்ச்சி நிலையம், பயிற்சி பெற்ற ஆட்கள், பாசனம், கொள்முதல் விலை எல்லாம் இருந்தன, அல்லது உடனே உருவாக்கப்பட்டன. ஓர் உதவி நல்லதா என்று என்னைக் கேட்டால், கொடுத்தவர் போன பிறகு இங்கே அதை எடுத்து நடத்த யார் இருக்கிறார்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன். தொகையை அப்புறம் பார்க்கலாம்.

பாலிலும் இது நடந்தது. 1970ல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்துக்கு ஐரோப்பிய நாடுகளில் மிஞ்சிக் கிடந்த பால் பவுடரும் வெண்ணெயும் இலவசமாக வந்தன. அதை அப்படியே வாரி வழங்கியிருந்தால் நம் பால்காரர்கள் நொடித்துப்போயிருப்பார்கள். திட்டத்தை முன்னின்று நடத்திய வர்கீஸ் குரியன் அதைப் பாலாக்கி நகரங்களில் விலைக்கு விற்று, வந்த பணத்தில் பால் பண்ணைகளும் குளிரூட்டும் நிலையங்களும் கட்ட வைத்தார். காலையில் கேனோடு சங்கத்துக்குப் போய்ப் பால் ஊற்றுகிற ஒவ்வொருவரும் அந்த ஏற்பாட்டின் கடைசிக் கண்ணி.

இன்னும் நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு எங்கள் குடியிருப்பிலேயே ஞாயிற்றுக்கிழமை தோறும் நடக்கிறது. பன்னிரண்டு பெண்கள் பாயில் வட்டமாக உட்கார்கிறார்கள். நடுவில் ஒரு தகரப் பெட்டி. ஊக்குநர் பெயர் வாசிக்க, ஒவ்வொருவரும் சேமிப்பைப் பெட்டியில் போடுகிறார்கள். பிரதிநிதி பாஸ் புத்தகத்தில் எழுதுகிறார். பிறகு உள்கடன் யாருக்கு என்ற பேச்சு. ஒருவருக்கு மகள் கல்லூரிக் கட்டணம், இன்னொருவருக்குக் கூரைத் தகரம். பேசி முடிவானதும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து. எழுதத் தெரியாமல் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், ஆறு மாதம் பழகி இப்போது தன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதுகிறார். அவர் எழுதி முடிக்கும் வரை மற்ற பதினொரு பேரும் பேசாமல் இருப்பார்கள்.

இந்தச் சுய உதவிக் குழு நம் ஊரில் வேர்விட்டது 1989ல், தருமபுரி மாவட்டத்தில். ஐக்கிய நாடுகள் சபையின் வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியம் பணம் கொடுத்தது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தியது. சில மாவட்டங்களுக்குப் பரவிய பிறகு வெளிநாட்டு நிதியின் காலம் முடிந்தது. அத்தோடு கதை முடிந்திருக்கலாம். பல திட்டங்கள் அப்படித்தான் பெயர்ப்பலகையோடு நின்றுபோகின்றன. ஆனால் 1997ல் மாநில அரசு தன் சொந்தப் பணத்தில் மகளிர் திட்டம் என்று அதைத் தொடர்ந்து, படிப்படியாக எல்லா மாவட்டங்களுக்கும் கொண்டுபோனது. எங்கள் பன்னிரண்டு பேரில் யாருக்கும் அந்த நிதியத்தின் பெயர் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

வறுமை எவ்வளவு குறைந்திருக்கிறது? இதற்குப் பல அளவுகோல்கள் உண்டு. உலக வங்கி ஒரு நாளைக்கு இத்தனை டாலர் என்று ஒரு கோடு வைத்திருக்கிறது. இங்கே டாலரைச் சந்தை விலையில் ரூபாயாக்கக் கூடாது. அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் பொருள் இங்கே என்ன விலை என்று பார்த்துக் கணக்கிடுவார்கள். நாளொன்றுக்கு 2.15 டாலர் என்ற பழைய கோட்டுக்குக் கீழே 2011-12ல் இந்தியர்களில் 16.2 சதவீதம் பேர் இருந்தார்கள், 2022-23ல் அது 2.3 சதவீதம் என்கிறது உலக வங்கி. 2025ல் கோட்டை 3 டாலராக உயர்த்தினார்கள். அந்தக் கோட்டின்படி 27.1 சதவீதம் 5.3 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. இரண்டு ஆய்வுகளுக்கும் இடையில் கணக்கெடுக்கும் முறை மாறியதால் இந்த எண்கள் மீது வாதங்கள் இருக்கின்றன. நிதி ஆயோக் வருமானத்தை விட்டுவிட்டு சத்துணவு, பள்ளிப்படிப்பு, கழிப்பறை, சமையல் எரிபொருள் போன்றவற்றைப் பார்க்கிறது. அந்த அளவில் 2019-21ல் தமிழ்நாட்டில் 2.2 சதவீதம் பேர்தான் வறியவர்கள். எண் சிறியது. ஆனால் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பணியர் பழங்குடியினரின் பாடிகளுக்குப் போய்ப் பார்த்தால் அந்தச் சிறிய எண்ணுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். சராசரி குறைந்துவிட்டது என்று அங்கே போய்ச் சொல்ல எனக்கு மனம் வராது.

இந்தக் குறைவில் வெளிநாட்டு உதவியின் பங்கு எவ்வளவு? பணமாகப் பார்த்தால் மிகச் சிறிது. நாட்டு வருமானத்தில் அரை சதவீதம்கூட இல்லை. மத்திய அரசு உணவு மானியத்துக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் கோடி ரூபாய் செலவிடுகிறது. ரேஷன் அரிசி, 2005ல் சட்டமாக வந்த நூறு நாள் வேலை, சத்துணவு எல்லாம் பெரும்பாலும் நம் வரிப்பணம். தீப்பெட்டி வாங்கும்போதும் நாம் கட்டுகிற வரி. ஆகவே வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்துத்தான் இந்தியா பிழைத்தது என்பது தவறு. குந்தாவையும் விதைக் கோதுமையையும் தருமபுரியையும் பார்த்த பிறகு, உதவியால் ஒரு பயனும் இல்லை என்பதையும் என்னால் ஏற்க முடியாது.

இந்தியாவும் மாறியிருக்கிறது. 2003ல், ஒருசில நாடுகளைத் தவிர மற்றவர்களிடம் அரசுமுறை உதவி வேண்டாம் என்று அறிவித்தது. 2004 சுனாமியின்போது நம் கடற்கரை சிதைந்து கிடந்த நிலையிலும் வெளிநாட்டு அரசுகளின் நிவாரணத்தை மறுத்து, இலங்கைக்குக் கப்பல் அனுப்பியது. 2014ல் உலக வங்கியின் மிக ஏழை நாடுகளுக்கான கடன் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. இப்போது ஒரு கையால் ஜப்பானிடம் கடன் வாங்கிக்கொண்டே மறு கையால் பூடானுக்கும் இலங்கைக்கும் கொடுக்கிறது. மாணவி கேட்ட கேள்விக்கு விடை இதுதான். ஒரே வீட்டில் பெரியவர் வங்கியில் வீட்டுக் கடனும் கட்டுவார், தங்கை வீட்டுக் காதுகுத்துக்குச் சீரும் செய்வார். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. கொடுக்கிற கைக்கு அக்கம்பக்கத்தில் நல்ல பெயரும் செல்வாக்கும் கிடைக்கின்றன. கனடாவும் அமெரிக்காவும் அன்றைக்கு நினைத்ததை இந்தியா இன்றைக்கு நினைப்பதில் வியப்பில்லை.

உதவியைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது. அதை எங்கள் மலைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓர் ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி ஆண்டுக்கு 3,000 கிலோ பச்சைத் தேயிலை பறிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 5 ரூபாய் இறங்கினால் அவர் வீட்டில் 15,000 ரூபாய் காணாமல் போகிறது. சோவியத் ஒன்றியம் நீலகிரித் தேயிலையின் பெரிய வாடிக்கையாளராக இருந்தது. 1991ல் அது உடைந்தபோது அந்தச் சந்தையும் உடைந்தது. பத்தாண்டு முடிவதற்குள் பச்சைத் தேயிலை விலை படுத்து, மலை முழுக்கப் போராட்டம். ஒரு கொள்முதல் விலை செய்வதை எந்தக் கொடையாலும் ஈடுகட்ட முடியாது. ஏழை நாடுகளுக்கு உதவி கொடுக்கும் பணக்கார நாடுகள் அவர்களுடைய விளைபொருளுக்கு என்ன விலை கொடுக்கின்றன என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அந்தப் படத்தில் இருந்த வீட்டுக்கு வருகிறேன். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி, இலங்கைத் தோட்டங்களில் இருந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. யாரையும் கேட்டுச் செய்த முடிவல்ல. மாணவியின் அம்மாயி சிறுமியாகத் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, இந்த மலைக்கு வந்தவர். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968ல் அரசு தேயிலை நடத் தொடங்கியது. பின்னாளில் அதுவே டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம். அம்மாயியின் தங்கை குடும்பம் இலங்கையிலேயே தங்கிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், ஒற்றை அறையில் மூன்று தலைமுறை. இலங்கையில் இந்தியா கட்டிக்கொடுத்த 50,000 வீடுகளில் 4,000 மலையகத்துக்கு ஒதுக்கப்பட்டன. 2017ல் மேலும் 10,000 அறிவிக்கப்பட்டன. ஏழு பேர்ச் (இலங்கையில் வழங்கும் நில அளவு) நிலத்தோடு தனி வீடு. லயத்தில் பிறந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும்.

பாடம் முடிந்து மாணவியோடு அவள் வீட்டுக்குப் போனேன். அம்மாயி வாசலில் உட்கார்ந்து வீடியோ அழைப்பில் தங்கை மகனோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த மகன் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு புது வீட்டை அறை அறையாகக் காட்டினார். அடுப்படி, இரண்டு படுக்கையறை, குழாயில் தண்ணீர். அம்மாயி எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினார். பிறகு திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்க் கேட்டார்: "வீடு நன்றாக இருக்கிறது தம்பி. கொழுந்து குறைந்தால் இன்னும் அரைப் பேர்தான், அரை நாள் கூலிதான் போடுகிறார்களா?"